செம்பருத்திக்குச் சீமை மணி

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு மக்களுக்குப் பல வசதிகள் வந்து சேர்ந்தன. முன்பெல்லாம் அலைய வேண்டுமானால் விழுப்புரம் வரை போக வேண்டும். இப்போது உள்ளூரிலேயே அலையலாம். அப்படி வந்த வசதிகளில் ஒன்று, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்புக் கடைக்கு மாடியில் இருந்த அயல்நாட்டுப் பொதி மதிப்பீட்டு மக்கள் நல மையம். கடல் கடந்து வருகிற பொதிகளைப் பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பது என்ன என்று முடிவு செய்து, சுங்கத் தீர்வை போட்டு, உரியவருக்கு அனுப்பிவைப்பது அதன் பணி. பிரித்துப் பார்ப்பது தினமும் நடந்தது. அனுப்பிவைப்பது எப்போதாவது நடந்தது.

மணலூர்பேட்டைக்குப் பக்கத்து ஊரில் இருந்த ராணியம்மாளுக்கு இப்படி ஒரு மையம் இருப்பதே தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டு மணி. சந்தைக்குப் போனால் மற்றவர்கள் மாட்டின் பல்லைப் பார்ப்பார்கள், இவள் கழுத்தைப் பார்ப்பாள். வெண்கல மணி, இரும்பு மணி, கட்டை மணி, ஆட்டுக்குக் கட்டுகிற குட்டி மணி என்று வாங்கி வாங்கி மாட்டுக் கொட்டகையின் உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தாள். அவள் புருஷன் சுப்புராயனுக்கு இது தீராத கேலி. பீரோவில் புடவை அடுக்குகிற பெண்டாட்டி எல்லாருக்கும் வாய்க்கிறாள், தனக்கு வாய்த்தவள் கொட்டகையில் மணி அடுக்குகிறாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

போன வருஷத்திலிருந்து ராணியம்மாளுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. மெல்லிசான கிணுகிணுப்பெல்லாம் இனிமேல் காதில் விழாது, கனத்த சத்தம் மட்டும் விழும் என்று திருக்கோவிலூர் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கொட்டகைக்குப் போய் ஒவ்வொரு மணியாக ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் ஆடின. ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சுப்புராயன் அன்றைக்கு மட்டும் கேலி செய்யவில்லை.

இதில் நன்மை அடைந்தது செம்பருத்திதான். செம்பருத்தி அவர்கள் வீட்டுச் செவலைப் பசு. கயிற்றை உருவிக்கொள்வதில் அதற்கு இணை கிடையாது. முன்பு அது நகர்ந்தால் கழுத்து மணி ராணியம்மாளுக்குச் சொல்லிவிடும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று படுத்த இடத்திலிருந்தே தெரிந்துகொள்வாள். இப்போது அது நிதானமாகப் பக்கத்துக் கொல்லைக்குப் போய்ப் பச்சமுத்துவின் கரும்பை மேய்ந்துவிட்டு வந்தது. பச்சமுத்து வாசலில் நின்று போட்ட சத்தம் கனத்த சத்தம், அது அவளுக்கு நன்றாகக் கேட்டது.

கடைசியில் சுப்புராயன் முடிவாகச் சொல்லிவிட்டார்.

“இந்தாமே, உன்னால அத்தப் பாத்துக்க முடியல. இன்னும் ஒரு தரம் கரும்புல பூந்துச்சுன்னா சந்தைக்கு ஓட்டிடுவேன்.”

அந்தப் பசு பிறந்தபோது வயிற்றிலிருந்து இழுத்துப் போட்டவள் ராணியம்மாள். அதை இன்னொருவன் கையில் கயிறு மாற்றிக் கொடுப்பதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டிவியில் செல்போனை இணைத்து மாடுகளின் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். சுவிட்சர்லாந்து மலை ஒன்றில் குடம் அளவுக்கு மணி கட்டிய மாடு ஒன்று நடந்தது. ‘டொங்’ என்றது. ராணியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கேட்டது. மறுபடி போட்டுப் பார்த்தாள், மறுபடியும் கேட்டது. அதன் பிறகு தேடித் தேடி, அந்த நாட்டில் ஒருவர் தம் பாட்டனார் காலத்து மணியை விற்பதைக் கண்டுபிடித்து, பாஷையை மாற்றிக் காட்டுகிற வசதியை வைத்துக்கொண்டு பேசி முடித்து, பால் பணத்தில் வாங்கியும் விட்டாள். விற்றவர் நல்ல மனிதர். மேலே ஒட்டிய சீட்டில் ‘பழமையான சேகரிப்புப் பொருள்’ என்று எழுதி அனுப்பினார். அந்த மூன்று வார்த்தைக்கு இந்தியாவில் என்ன விலை என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கொஞ்ச நாளில் குறுஞ்செய்தி வந்தது. உங்கள் பொதி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, தீர்வை செலுத்த இங்கே அழுத்தவும் என்றிருந்தது. ராணியம்மாள் விவரமானவள். யாருக்குப் போன் செய்தாலும், தெரியாத இணைப்பை அழுத்தாதீர்கள் என்று அரசாங்கமே அவளுக்கு எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அழித்துவிட்டாள். மறுபடி வந்தது, மறுபடி அழித்தாள். களமருதூரில் ஒருத்தர் இப்படி அழுத்தித்தான் நெல் விற்ற பணத்தைப் பறிகொடுத்தார் என்று சுப்புராயனும் அவளைப் பாராட்டினார். பிறகு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அரசின் செய்திகளை அலட்சியம் செய்ததற்காக உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அதில் கேட்டிருந்தார்கள்.

தியாகதுருகம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து ராணியம்மாள் கள்ளக்குறிச்சிக்குப் போனாள். மையத்தில் தனுஷா என்கிற பெண் வரவேற்பில் இருந்தாள். எதிர்ச் சுவரில் ‘புன்னகையுடன் சேவை’ என்று எழுதியிருந்தது. அது அலுவலர்களுக்கான அறிவுரை என்று ராணியம்மாள் நினைத்தாள். காத்திருந்து காத்திருந்துதான் அது வருகிறவர்களுக்கான அறிவுரை என்று புரிந்துகொண்டாள்.

மதிப்பீட்டு அலுவலர் அறிவுச்செல்வன் கோபமே வராதவர். யாரையும் நிற்கவைத்துப் பேச மாட்டார், உட்காரவைத்து மறுப்பார். அவர் பீரோவைத் திறந்து மணியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கழுத்தில் மாட்டுகிற தோல்பட்டையோடு கம்பீரமாக இருந்தது. ராணியம்மாளுக்குக் கை பரபரத்தது. தொடக் கூடாது என்றார் அவர்.

“அம்மா, இது இன்ன பொருள்னு நாங்க இன்னும் முடிவு பண்ணலைங்க.”

“மணிங்க சார்.”

“அது உங்க கருத்து.”

“பாத்தாலே தெரியுதுங்களே சார்.”

“பாக்குறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்குது. தெரிஞ்சிக்கிறதுக்கு மேலிடத்துல கேக்கணும்.”

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். கோயிலில் தொங்கினால் அது பூஜைப் பொருள். பள்ளிக்கூடத்தில் தொங்கினால் கல்வி உபகரணம். கச்சேரியில் அடித்தால் இசைக்கருவி. ஒவ்வொன்றுக்கும் தீர்வை வேறு. இந்த மணியோ எங்கேயும் தொங்காமல் அலுவலக பீரோவில் இருக்கிறது. ஆகவே இப்போதைக்கு இது பீரோவில் இருக்கிற பொருள், அதற்கு வாடகை மட்டும் உண்டு என்றார். மாட்டுக்குக் கட்டப் போகிறேன் என்று அவள் சொன்னதும் அவர் முகம் வாடியது. சீட்டில் சேகரிப்புப் பொருள் என்று இருக்கிறது. சேகரிப்புப் பொருளை உபயோகிப்பது குற்றம். உபயோகிக்காமல் வைத்திருக்கிறவர்தான் சேகரிப்பாளர். நீங்கள் சேகரிப்பாளர்தானா என்பதற்கு உங்கள் சேகரிப்பைக் கொண்டுவந்து காட்டுங்கள், நல்லபடியாக முடித்துவிடலாம் என்றார்.

ராணியம்மாளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. காட்டுவதற்குத்தான் உத்தரம் முழுக்கத் தொங்குகிறதே. வீட்டுக்கு வந்து எல்லா மணிகளையும் இறக்கினாள். சாணியும் ஒட்டடையும் பச்சைக் களிம்புமாக இருந்தன. அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஒரு கவர்மெண்ட் ஆபீசின் மேஜைமேல் வைப்பதா? பொங்கலுக்குப் பாத்திரம் துலக்குகிற மாதிரி புளி போட்டு, சாம்பல் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து விரல் வெந்துபோக விளக்கினாள். வெயிலில் காயவைத்தபோது தெருவே மின்னியது. சாக்கில் கட்டிப் பஸ்ஸில் ஏற்றினாள். உள்ளே ஆடு இருக்கிறதா என்று கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்து, இல்லை என்று தெரிந்தும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். வழியெல்லாம் மணிகள் கிணுகிணுத்திருக்க வேண்டும், பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை.

அறிவுச்செல்வன் மணிகளை வரிசையாக அடுக்கச் சொல்லிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

“சேகரிப்பாளர்ங்க பழசைப் பழசா வெச்சிருப்பாங்கம்மா. களிம்பு இருக்கணும், அழுக்கு இருக்கணும். இது அத்தனையும் புத்தம் புதுசா இருக்குது. நீங்க மணி வியாபாரம் பண்றீங்க.”

புளி போட்டுத் துலக்கியதாக அவள் சொன்னாள். ஒரு பொருளை விற்பதற்கு முன்னால் துலக்குவது வியாபாரிகளின் வழக்கம் என்று அவர் எழுதிக்கொண்டார். ஆக, ராணியம்மாள் இறக்குமதி வணிகர் ஆனாள். வணிகருக்கு உரிய பதிவு எண் இல்லாமல் வணிகம் செய்ததால் அபராதத்துக்கும் உரியவள் ஆனாள். விரல் வேறு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு மணி வேண்டாம் சார், ஆளை விடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. சுப்புராயனின் முகமும் சந்தையும் நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

வரவேற்பில் இருந்த தனுஷாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. வணிகம் இல்லை என்று நிரூபிக்க ஒரு வழி இருக்கிறது, பொருளின் இறுதிப் பயனாளியை நேரில் ஆஜர்படுத்தினால் போதும் என்றாள். இறுதிப் பயனாளி யார் என்று ராணியம்மாள் கேட்டாள். மாடு என்றாள் தனுஷா.

இப்படியாகச் செம்பருத்தி குட்டியானை வண்டியில் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போயிற்று. சுப்புராயனும் கூட ஏறிக்கொண்டார். வழி நெடுக அவர் வாய் ஓயவில்லை. கேட்கிற தீர்வைக்கும் தீர்வை மேல் தீர்வைக்கும் பீரோ வாடகைக்கும் அந்த மலையில் இருக்கிற மாட்டையே மணியோடு ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்றார்.

விசாரணை அலுவலகத்துக்குள் நடக்க வேண்டும் என்பது விதி. அலுவலகம் மாடியில் இருந்தது. பயனாளி படியேற மறுத்துவிட்டது. மேலிடத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, அறிவுச்செல்வன் ஒரு மேஜையையும் தேசியக் கொடியையும் கீழே இறக்கச் செய்து, செருப்புக் கடைக்கு முன்னால் இருந்த சிமெண்டுத் தளத்தை அலுவலகம் என்று அறிவித்தார். செருப்பு வாங்க வந்தவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் செருப்பு வாங்கினார்கள்.

முதலில் அடையாளம் பார்த்தார்கள். மாட்டின் காதில் கால்நடைத் துறை மாட்டிய மஞ்சள் வில்லை இருந்தது. எண் சரியாக இருந்தது. ஆனால் பதிவில் உரிமையாளர் சுப்புராயன் என்றிருந்தது. மணிக்கு உரியவர் ராணியம்மாள். ஒருவருடைய மாட்டுக்கு இன்னொருவர் வெளிநாட்டிலிருந்து அணிகலன் வரவழைப்பதன் நோக்கம் என்ன என்று அறிவுச்செல்வன் கேட்டார்.

“என் பொண்டாட்டிங்க சார் அது,” என்றார் சுப்புராயன்.

“மாட்டுக்கும் அம்மாவுக்கும் நேரடியா இன்னா உறவுன்னுதான் கேக்குறேன்.”

சுப்புராயன் யோசித்தார். கேலியாக ஏதோ வாய் வரைக்கும் வந்திருக்கும். பிறகு, “அது கூப்ட்டாதான் சார் மாடு வரும். நான் கூப்ட்டா வராது,” என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். உறவு: கூப்பிட்டால் வருவது என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து, பொருளைப் பயனாளிக்குப் பொருத்திக் காட்டச் சொன்னார்கள். ராணியம்மாள் தோல்பட்டையைச் செம்பருத்தியின் கழுத்தில் மாட்டினாள். செம்பருத்தி தலையை ஒரு ஆட்டு ஆட்டியது.

டொங்.

ராணியம்மாளின் உடம்பு சிலிர்த்துவிட்டது. டிவியில் கேட்டதைப் போல இல்லை. நெஞ்செலும்புக்குள் வந்து இறங்கியது சத்தம். ஒரு வருஷமாக வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த பசு திடீரென்று பேசியது மாதிரி இருந்தது அவளுக்கு. கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்ததை அவள் மறைக்கவும் இல்லை. சுப்புராயன் பார்த்துக்கொண்டே நின்றார்.

“சத்தம் வருது,” என்றார் அறிவுச்செல்வன், கவலையோடு.

அவருடைய தீர்ப்பு அன்றே எழுதப்பட்டது. அதைத் தாமே வாசித்தும் காட்டினார். மேற்படி பொருள் ஒலி எழுப்புவதாக நேரில் கண்டறியப்பட்டது. ஒலி எழுப்பும் அயல்நாட்டுப் பொருளுக்குத் தனி அனுமதி வேண்டும். அனுமதி வழங்கும் குழு இன்னும் அமைக்கப்படவில்லை. எனினும் மக்கள் நலன் கருதி, ஒலிக்குக் காரணமான நாக்கைக் கழற்றி முத்திரையிட்டு அலுவலகத்தில் வைத்துக்கொண்டு, எஞ்சியதை வீட்டு உபயோகப் பாத்திரம் என வகைப்படுத்தி விடுவிக்கலாம். இந்திய எல்லைக்குள் அதை ஒலிக்கச் செய்ய மாட்டேன் என இறக்குமதியாளர் உறுதிமொழி தர வேண்டும்.

“நாக்கு இல்லாத மணிய வெச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது?”

“அம்மா, நான் உங்க பக்கம். என் அதிகாரத்துக்கு உட்பட்டு எவ்வளவு தர முடியுமோ அவ்வளவையும் தந்துட்டேன். நீங்க கேக்குற ஒண்ணை மட்டும்தான் தரல,” என்றார் அவர். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அவர் அதை மனசார நம்பினார் என்பதுதான் பரிதாபம்.

தீர்வையைக் கட்டிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. எதிரில் இருந்த மணியை எடுக்கக் கை நீட்டினாள். கையில் தரக் கூடாது, பொதி என்றால் வீட்டு வாசலில்தான் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். மணி மறுபடி அட்டைப் பெட்டிக்குள் போயிற்று. விநியோக வண்டி முதலில் கல்வராயன் மலைக்குப் போய்விட்டுத்தான் சமவெளிக்கு வரும் என்பது வழித்தட விதி. மலையில் மழை பெய்து பாதை சரிந்ததால் வண்டி வெள்ளிமலையிலேயே தங்கிவிட்டது. உங்கள் பொதி உங்களை நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று செல்போனில் தினமும் செய்தி வந்தது. இந்தச் செய்தியை அவள் அழிக்கவில்லை.

ஒரு வழியாக மணி வந்தது. உள்ளே வெறும் வளையம் மட்டும் இருந்தது. ராணியம்மாள் அதை உலுக்கிப் பார்த்தாள். உத்தரத்தில் திரும்ப மாட்டிய மணிகளாவது மற்றவர்களுக்குக் கேட்டன. இது யாருக்குமே கேட்கவில்லை. அவள் அதைக் கொட்டகை மூலையில் கவிழ்த்துவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் பால் கறக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சுப்புராயன் யாரிடமும் சொல்லாமல் மணியை எடுத்துக்கொண்டு மணலூர்பேட்டைக்குப் போனார். பட்டறையில் கழித்துப்போட்ட டிராக்டர் போல்ட் ஒன்றைப் பொறுக்கி, தலையைக் கொஞ்சம் தட்டையாக அடிக்கச் சொல்லி, உள் வளையத்தில் சங்கிலியால் கோத்துக்கொண்டு வந்தார். வந்து நேராகச் செம்பருத்தியின் கழுத்தில் மாட்டினார். சீமை நாக்கை விட இது கனம் ஜாஸ்தி. அடுப்படியில் இருந்த ராணியம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“உறுதிமொழி எழுதிக் குடுத்துக்கிறேங்க,” என்றாள் பயந்துபோய்.

“நீதான எழுதிக் குடுத்த? நானு எழுதிக் குடுக்கலியே,” என்றார் சுப்புராயன்.

அதன் பிறகு கரும்புக் கொல்லைக்கு நிம்மதி வந்தது. செம்பருத்தி கயிற்றை உருவிக்கொண்டு நாலு அடி வைப்பதற்குள் ராணியம்மாள் போய் நிற்பாள். சந்தைப் பேச்சு வீட்டில் எழவில்லை.

ஒரு மத்தியானம் வாசலில் ஜீப் வந்து நின்றது. அறிவுச்செல்வனும் தனுஷாவும் இறங்கினார்கள். விடுவிக்கப்பட்ட பொருள் உறுதிமொழிப்படி ஒலிக்காமல் இருக்கிறதா என்று பின்சரிபார்ப்பு செய்ய வந்திருக்கிறார்களாம். ஒலிப்பதாகத் தெரிந்தால் பொருளையும் பயனாளியையும் சேர்த்துக் கைப்பற்ற வழி இருக்கிறதாம். ராணியம்மாள் நாற்காலி போட்டு மோர் கொடுத்தாள். பொருள் எங்கே என்று அறிவுச்செல்வன் கேட்டார். மேயப் போயிருக்கிறது என்றாள். பொதியில் எழுதிய விலாசத்துக்கு வெளியே போய்ப் பார்க்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்று அவர் கால்களை நீட்டிக்கொண்டார்.

அப்போதுதான், டொங் என்றது. கிழக்கே. வாய்க்காலைத் தாண்டிவிட்டது.

அறிவுச்செல்வனுக்கும் கேட்டது. தனுஷா குனிந்துகொண்டாள். ராணியம்மாளின் கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. எழுந்தால் கேட்டது என்று ஆகிவிடும். புடவையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டொங், டொங். கரும்பு ஓரத்துக்கு வந்துவிட்டது.

“என் காதுக்குக் கேட்டத நான் எழுதக் கூடாதும்மா,” என்றார் அவர். “ஒலிய அளக்குறதுக்குக் கருவி ஒண்ணு இருக்குது. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சோம். அது இன்ன பொருள்னு முடிவாகாம எங்க பீரோவுலயே இருக்குது. அதனால இறக்குமதியாளர் வாக்குமூலம்தான் செல்லும். சொல்லுங்க, சத்தம் ஏதாவது கேக்குதா?”

ராணியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். மணி இப்போது கரும்புக்குள் இருந்தது. காய்ந்த சோகை இலைகள் உரசுவதையும் மீறி, ஒவ்வொரு கடிக்கும் ஒரு டொங்.

“எனக்குக் காது மந்தங்க சார். ஒண்ணும் கேக்கல.”

அவர் எழுத ஆரம்பித்தார். அவருடைய கையெழுத்து அழகானது, அதனால் மெதுவானது. பாதி எழுதும்போது பச்சமுத்து வேலியைத் தாண்டிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது.

“மாடு கரும்புல நின்னு மேஞ்சிக்கினு கீது, இங்க உக்காந்துக்கினு கீறாங்க. எத்தினி தரம் சொல்றது? இந்தம்மாவுக்கு ஒண்ணுமே கேக்காது சார். இடி வுழுந்தாலும் கேக்காது.”

அறிவுச்செல்வன் மலர்ந்துபோனார். சுதந்திரமான சாட்சி ஒருவர் தாமாக வந்து கூற்றை உறுதி செய்தார் என்று சேர்த்துக்கொண்டு, பச்சமுத்துவிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார். இப்படி ஒத்துழைக்கிற மக்கள் இருக்கும்போது நிர்வாகம் எவ்வளவு சுலபம் என்று சொல்லி, மோரைக் குடித்து முடித்து, ஜீப்பில் ஏறினார்.

ஜீப் தெருமுனை திரும்பும் வரை ராணியம்மாள் அசையாமல் கைகூப்பி நின்றாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். மாடு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பச்சமுத்து பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாய்க்காலைத் தாண்டி, இரண்டு பாத்தி விட்டு, நேராகச் செம்பருத்தி நின்ற இடத்தில் போய் நுழைந்தாள்.